யானைமலையின் வெளிச்சக் கணக்கு

நிலக்காட்சி எடுக்கும் ஆசையில் கேமரா வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் கேள்விப்படுவது இரண்டு பாடங்களை. சூரியன் உதித்தபின் ஒரு மணி நேரமும் மறைவதற்கு முன் ஒரு மணி நேரமும்தான் பொன்னான வேளை என்பது ஒன்று. உச்சி வெயிலில் கேமராவை வெளியே எடுக்காதே என்பது இன்னொன்று. புத்தகங்களில் இருக்கிறது, யூடியூபில் இருக்கிறது, பயிற்சி வகுப்புகளிலும் இதையேதான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் இந்தப் பாடங்கள் பெரும்பாலும் பூமத்திய ரேகைக்கு நாற்பது, ஐம்பது டிகிரி வடக்கே இருப்பவர்கள் தங்கள் ஊர் வெயிலைப் பார்த்து எழுதியவை. அங்கே அவை சரியாகவே இருக்கும். மதுரை இருப்பது பத்து டிகிரிக்கும் சற்றுக் கீழே. இங்கே சூரியன் ஏறும் விதமே வேறு.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது யானைமலை. மதுரையிலிருந்து மேலூர் போகிற பேருந்தில் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு இதை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஒத்தக்கடை வந்ததும், படுத்திருக்கும் யானையாக ஒரே பாறை நீண்டு கிடக்கும். மதுரையை அழிக்க ஏவப்பட்ட யானையைச் சொக்கநாதர் நரசிங்கக் கணை எய்து கல்லாக்கினார் என்பது திருவிளையாடல் கதை. மலையடியில் இருக்கும் நரசிங்கப் பெருமாள் குடைவரையை 770-இல் எடுப்பித்தவர் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி. மேலே சமணர் தங்கிய குகையும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன. இதைப் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பதிவில் நான் பேசப்போவது அந்தப் பாறைமேல் விழும் வெயிலைப் பற்றி மட்டும்.

ஒரே மலையைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மலை மாறுவதில்லை. அதனால்தான் வெளிச்சம் மாறுவது துல்லியமாகத் தெரிகிறது. ஊர் ஊராகப் போய் எடுக்கும்போது எல்லாம் சேர்ந்து மாறிவிடுகிறது. படம் நன்றாக வந்தால் அதற்கு இடம் காரணமா, வேளை காரணமா என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

அரை மணி நேரம்தான்

முதல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி, தலைக்கு மேல் இருக்கும்போது கடப்பதைப்போல ஏறக்குறைய நாற்பது மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போய்விட, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. பொன்னிறம் வருவது இப்படித்தான். சூரியன் ஆறு டிகிரி உயரம் ஏறிவிட்டால் அந்த நிறம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

அந்த ஆறு டிகிரியை ஏற எவ்வளவு நேரம் ஆகும்? டிசம்பரில் லண்டனில் சூரியன் சாய்வாக ஏறுவதால் அங்கே ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த மாதத்தில் அங்கே நடுப்பகலிலேயே சூரியன் பதினைந்து டிகிரிக்கு மேல் போவதில்லை. பகல் முழுக்க நீண்ட நிழல்தான். மதுரையில் சூரியன் செங்குத்தாக மேலேறுகிறது. எந்த மாதமாக இருந்தாலும் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் ஆறு டிகிரியைத் தாண்டிவிடுகிறது. டிசம்பர் நடுப்பகலில்கூட ஐம்பத்தேழு டிகிரி உயரத்தில் நிற்கிறது. புத்தகத்தை நம்பி, உதித்து அரை மணி கழித்து ஆற அமர ஒத்தக்கடையில் போய் இறங்கினால் பொன் வேளை முடிந்திருக்கும்.

விடிவதும் இங்கே வேகம்தான். கிழக்கே முகம் தெரியும் அளவுக்கு வெளுக்கத் தொடங்கியதிலிருந்து சூரியன் தலைகாட்டும்வரை இருபத்தொரு, இருபத்திரண்டு நிமிடம். அதற்குள் வெளிச்சம் நூறு மடங்குக்கு மேல் கூடிவிடும். ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே விடியலில் ஒருமுறை எக்ஸ்போஷர் வைத்துவிட்டு அப்படியே எடுத்துக்கொண்டு போக முடியாது. ஷட்டர் வேகத்தை விடாமல் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நான் ட்ரைபாடைப் போட்டு, சட்டகத்தை முடிவுசெய்து, ஃபோகஸைப் பூட்டிவைத்துவிடுவேன். அப்புறம் கைக்கு ஷட்டர் சக்கரம் ஒன்றுதான் வேலை. ஆனி தொடக்கத்தில் சூரியன் ஆறு மணியை ஒட்டியே வந்துவிடும். தை மாதக் கடைசியில் ஆறே முக்காலை நெருங்கும். இந்த முக்கால் மணி வித்தியாசம் மனதில் இருந்தால் அலாரம் வைப்பது சுலபம்.

ஆனியும் மார்கழியும்

யானைமலை ஏறக்குறைய வடகிழக்கு–தென்மேற்காகப் படுத்திருக்கிறது. மேலூர் ரோட்டைப் பார்த்த பக்கம் தென்கிழக்கு முகம். கொடிக்குளம் பக்கம் வடமேற்கு முகம். இந்த ஒரு விவரம் பிடிபட்டால் ஆண்டு முழுவதற்குமான கணக்கு கைக்கு வந்துவிடும்.

சூரியன் தினமும் நேர்கிழக்கில் உதிப்பதில்லை. மதுரையில் ஜூன் கடைசி வாரத்தில் நேர்கிழக்கிலிருந்து இருபத்துநான்கு டிகிரி வடக்கே தள்ளி உதிக்கிறது. டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே தள்ளிப்போகிறது. மொத்தம் நாற்பத்தெட்டு டிகிரி. கையை நீட்டி விரல்களை விரித்துப் பிடித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை வானத்தில் இருபது டிகிரி வரும். அப்படி இரண்டு சாணுக்கு மேல் சூரியன் இடம் மாறுகிறது.

இதனால் மலைக்கு என்ன ஆகிறது? ஜூனில் காலை வெயில் ரோட்டுப் பக்க முகத்தை நேராகத் தொடுவதில்லை. மலையின் நீளவாக்கில் உரசிக்கொண்டு வருகிறது. பாறையில் உள்ள ஒவ்வொரு மடிப்புக்கும் நிழல் விழும். யானையின் தோளும் விலாவும் தனித்தனியாகப் புடைத்துத் தெரிவது அப்போதுதான். சுவருக்குப் பட்டி பார்க்கிற பெயின்டர் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மேடுபள்ளம் தேடுவாரே, அதே வேலையைத்தான் ஆனி மாதச் சூரியன் செய்கிறது. கல்வெட்டு படிப்பவர்களும் தேய்ந்த எழுத்துகளைப் பார்க்கப் பக்கவெளிச்சத்தைத் தேடுவது இதே காரணத்தால்தான்.

மார்கழியில் அதே காலை, அதே இடம். சூரியன் தென்கிழக்குப் பக்கமாக வந்துவிடுவதால் வெயில் மலை முகத்தில் நேருக்கு நேர் விழுகிறது. நிழல் எல்லாம் பாறைக்குப் பின்னால் ஒளிந்துவிடும், புடைப்பு மறைந்துவிடும். அதற்குப் பதிலாகக் கிடைப்பது நிறம். பாறையின் செம்பழுப்பு, மழைநீர் வழிந்த தடங்களில் நுண்பாசி படிந்து உண்டான கரிய கோடுகள், வெடிப்புகளில் பிடித்துக்கொண்டிருக்கும் செடிகளின் பச்சை எல்லாம் நிழல் கலக்காமல் தெரியும். பாறையின் வடிவம் வேண்டுமென்றால் ஆனிக் காலை, நிறம் வேண்டுமென்றால் மார்கழிக் காலை.

மலையின் மறுபக்கத்தில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். கொடிக்குளம் பக்கம் ஜூன் மாத மாலை வெயில் நேராக விழும், டிசம்பர் மாத மாலையில் உரசும். ஆக மலை ஒன்றுதான் என்றாலும் ஆண்டின் இரு முனைகளிலும் காலைக்கு ஒரு பக்கம், மாலைக்கு ஒரு பக்கம் என்று நான்கு வகை வெளிச்சம் கிடைக்கிறது. நடுவில் வரும் மாதங்கள் இவற்றுக்கு இடைப்பட்டவை.

உச்சி வெயில்

இரண்டாவது பாடத்துக்கு வருகிறேன். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். உச்சி வெயில் ஆகாது என்பது சமதரைக்கும் மனித முகத்துக்கும் பொருந்தும். வயலும் ரோடும் கண்மாய்க்கரையும் அப்போது தட்டையாகிவிடும், கண்குழியில் கருப்பு விழும். ஆனால் செங்குத்தாக நிற்கும் பாறைக்கு உச்சி வெயில் என்பது பக்கவெளிச்சம். மேலிருந்து கீழாகச் சுவரை உரசிக்கொண்டு இறங்குகிற வெளிச்சம்.

மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலுமாக ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் மிகச் சரியாகத் தலைக்கு மேல் வருகிறது. நேரம் பன்னிரண்டேகால், பன்னிரண்டு இருபது. நட்டுவைத்த குச்சிக்கு நிழல் இருக்காது. சித்திரை பிறந்த அந்த வாரத்தில், ரோட்டுப் பக்கம் நிழலாக ஓரிடம் பார்த்து நின்றுகொண்டு பெரிய லென்ஸ் வழியே பாறையின் செங்குத்துப் பகுதியை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு துருத்தலுக்கும் கீழே கத்தியால் கீறியதைப்போல நிழல் இறங்கியிருக்கும். பாறை செதில் செதிலாக உரிந்த அடுக்குகள் ஒவ்வொன்றும் தன் விளிம்பைக் காட்டும். காலையில் ஒரே கருப்புப் பட்டையாகத் தெரிந்த நீர்த்தடம், இப்போது தடித்தும் மெலிந்தும் கிளை பிரிந்தும் ஓடும் பல கோடுகளாகத் தெரியும். ஒரு துருத்தலில் தொடங்கும் நிழலை மெல்லக் கீழே தொடர்ந்தால், அது அடுத்த துருத்தலின் வெளிச்ச விளிம்பில் போய் முடியும். காலையிலும் மாலையிலும் இது எதுவும் காணக் கிடைக்காது. கொஞ்ச நேரத்திலேயே சூரியன் மேற்கே சாய்ந்துவிட, அந்தச் சுவர் நிழலுக்குள் போய்விடும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை மதுரையில் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து பதின்மூன்றரை டிகிரி வடக்கு. பகல் வெயில் தெற்கிலிருந்துதான் வரும் என்று ஐரோப்பியப் புத்தகங்கள் எழுதிவைத்திருப்பது இங்கே நாலு மாதத்துக்குச் செல்லாது. அந்த மாதங்களில் நடுப்பகல் வெயில் கொடிக்குளம் பக்கமாகச் சாய்ந்து விழும்.

உச்சி வெயிலில் எடுக்கும்போது வெளிச்சமான பாறைக்கே எக்ஸ்போஷர் வையுங்கள். ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டக் கூடாது. நிழல் கருத்துப்போனால் போகட்டும். வானத்தைச் சட்டகத்துக்குள் விடாதீர்கள். சித்திரை வானம் வெளுத்துக் கிடக்கும். அது உள்ளே வந்தால் கண் அங்கேதான் போகும்.

வானம் மாதத்துக்கு ஒன்று

சூரியனின் இடம் கணக்கில் அடங்கும், வானம் அடங்காது. ஆனாலும் அதற்கும் ஒரு மாதாந்திரக் குணம் உண்டு. தை, மாசிக் காலைகளில் வயல்மேல் பனி படர்ந்திருக்கும். தூரம் அடுக்கடுக்காக வெளிறிக்கொண்டே போகும். பங்குனி, சித்திரையில் புழுதியும் புழுக்கமும் சேர்ந்து வானம் பால்போல் வெளுக்கும். சில நாள் மாலையில் கோடை இடி முழங்கும். மேற்கே கருமேகம் கட்டி நிற்க, அதன் அடியில் புகுந்து வரும் கடைசி வெயில் கொடிக்குளம் பக்கப் பாறையைக் கொழுந்துவிட்டு எரிய வைக்கும். அது சில நிமிடங்களுக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை காற்றைக் கழுவிவிடுகிறது. மழை விட்ட மறுநாள் காலை வடக்கே அழகர்மலை மரம் மரமாகத் தெரியும். நனைந்த பாறை கருத்து, ஈரம் பட்ட இடமெல்லாம் வானத்தைப் பிரதிபலிக்கும். பெரியாறு கால்வாய்த் தண்ணீர் பாய்ந்து நடவு நடக்கும் சமயத்தில் வயல் முழுக்கக் கண்ணாடியாகி மலை தலைகீழாக விழும். அந்தப் பிரதிபலிப்பு நாற்று ஓங்கி வளரும்வரைதான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆடி. அந்த மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மிச்ச மேகங்களை மதுரைப் பக்கம் துரத்திவிடும். மழை அதிகம் இருக்காது. துண்டு துண்டாக மேகம் ஓட, அவற்றின் நிழலும் நடுவில் வெயில் திட்டுகளும் நிலத்தின்மேல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நொடி மலை இருட்டு, வயல் வெளிச்சம். அடுத்த நொடி யானையின் முதுகு மட்டும் வெளிச்சம், மற்றதெல்லாம் இருட்டு.

இந்த வெயிலைப் பிடிக்கும் வித்தையைக் கொடிக்குளம் பக்கம் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னார். மலையையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.

“தம்பி, மலையப் பாத்து என்ன செய்ய? முதுகுக்குப் பின்னாடி பாருங்க. காத்து மேக்க இருந்துல்ல வருது.”

திரும்பினேன். வயலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெயில் திட்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

“எவ்வளவு நேரத்துல இங்க வரும், அய்யா?”

“அந்தா அங்கிட்டு நிக்கிற ஒத்தப் பனை வெளுக்கட்டும். அது வெளுத்துச்சுன்னா அடுத்து நம்ம தலை, அதுக்கடுத்து மலை. வேட்டியை இறுக்கிக் கட்டுறதுக்குள்ள வந்துரும்.”

அவர் சொன்னபடியே பனை பளிச்சென்றது. வெயில் எங்களைக் கடந்தது, வரப்பு வரப்பாகத் தாவிப் போய் யானையின் காலில் ஏறியது. விலா, தோள், மத்தகம். பார்த்துக்கொண்டிருந்தபோதே மறுபக்கம் இறங்கிப்போனது. அன்றுமுதல் மேகம் ஓடும் நாளில் நான் பார்ப்பது காற்று வரும் திசையைத்தான். எக்ஸ்போஷரை முந்தைய வெயில் திட்டிலேயே அளந்து, மேனுவலில் பூட்டிவைத்துவிட வேண்டும். மேகநிழலில் அளந்தால் வெயில் வந்து விழும் நொடியில் பாறை வெளுத்துப்போகும். வெயிலுக்கும் நிழலுக்கும் இரண்டு மூன்று ஸ்டாப் வித்தியாசம் சாதாரணமாக வரும்.

கேமராவில் நான் தொடும் சில இடங்கள்

ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடுவதே இல்லை. விடியலின் நீலத்தையும் மாலையின் சிவப்பையும் கேமரா ஒரு குறையாக நினைத்து நடுநிலைக்குக் கொண்டுவரப் பார்க்கும். பகல் வெளிச்சத்துக்கான 5,500 கெல்வினை ஒட்டி நிறுத்திவிடுவேன். அப்போதுதான் காலை படத்துக்கும் மாலை படத்துக்கும் உள்ள நிற வித்தியாசம் உண்மையானதாக இருக்கும், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட முடியும். எடுப்பது ரா ஃபைலில். போலரைசர் ஃபில்டரைச் சூரியனுக்குத் தொண்ணூறு டிகிரி பக்கவாட்டில் எடுக்கும்போது மட்டும் மாட்டுவேன். அதன் வேலை அங்கேதான் அதிகம். நனைந்த பாறையை எடுக்கும்போது கழற்றிவிடுவேன். அந்த மினுமினுப்புதானே வேண்டும், அதை ஃபில்டர் தின்றுவிடும்.

ஃபோனில் எடுப்பவர்களுக்கு ஒன்று. ஃபோன் தானாகவே பல படங்களைச் சேர்த்து நிழலைத் தூக்கிக் காட்டும். பக்கவெளிச்சத்தின் அழகே நிழலில் இருப்பதால் படம் சப்பென்று ஆகிவிடும். திரையில் வெளிச்சமான பாறையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். நிழல் திரும்பி வந்துவிடும்.

கணினியில் வந்தபின் வேறு வானத்தை ஒட்டும் வேலை வேண்டவே வேண்டாம். மேலே ஐப்பசி மேகமும் கீழே சித்திரை வெயிலுமாக ஒரு படம் இருந்தால் அந்த மலையை அறிந்தவர்களுக்கு உடனே உறுத்தும். வெளிச்சம் என்பது தேதி. ஆன்செல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் எடுத்த நிலவு உதயப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சாலையில் போகும்போது கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில் படுவதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். லைட் மீட்டர் கையில் அகப்படவில்லை. நிலவின் ஒளி எவ்வளவு என்பது மனப்பாடமாக இருந்ததால் அதை வைத்தே எக்ஸ்போஷர் கணக்கிட்டார். ஒரு படம் எடுத்து, அடுத்த படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகளைவிட்டு வெயில் போய்விட்டது. அந்தப் படத்துக்கு அவரே வெவ்வேறு ஆண்டுகளைக் குறிப்பிட்டு வந்தார். பிற்காலத்தில் வானியலாளர்கள் படத்தில் நிலவு இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு, 1941 நவம்பர் 1 மாலை என்று கண்டுபிடித்தார்கள். எடுத்தவரின் நினைவில் நிற்காத தேதி படத்தின் வானத்தில் இருந்தது.

கிளாத் மோனே 1890-91-இல் தன் வீட்டருகே இருந்த வைக்கோல் போர்களைச் சுமார் 25 ஓவியங்களாகத் தீட்டினார். பல கித்தான்களை ஒரே சமயத்தில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாற ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனார். அவரும் அதற்காக வெளியூர் போகவில்லை, தன் ஊர் வயலில்தான் நின்றார்.

ஏன் இதெல்லாம்

2010-இல் யானைமலையில் சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த பசுமை நடை அந்த ஆண்டுதான் தொடங்கியது. மதுரைக் குன்றுகளை நூற்றுக்கணக்கானவர்கள் நடந்துபோய்ப் பார்க்கும் பழக்கம் அதனால் வந்தது. இதே மேலூர் ரோட்டில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால், கீழவளவுப் பக்கம் கிரானைட்டுக்காக வெட்டப்பட்ட குன்றுகளின் மிச்சத்தைப் பார்க்கலாம். அந்தக் குன்றுகளிலும் ஆனி வெயில் ஒரு மாதிரியும் மார்கழி வெயில் ஒரு மாதிரியும் விழுந்திருக்கும். அதை இனி யாரும் பார்க்க முடியாது. யானைமலையைச் சுற்றியும் வயல்கள் வீட்டுமனைகளாகிக்கொண்டு வருகின்றன. நடவுத் தண்ணீரில் மலை விழும் இடங்கள் குறைந்துகொண்டே போகின்றன.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் ஊரில் ஒரு குன்றோ கண்மாயோ கடற்கரையோ பனங்காடோ இருக்கும். அதன் எந்த முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று முதலில் ஃபோனில் உள்ள திசைகாட்டியை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் தமிழ் மாதம், மணி, காற்று வரும் திசை, மேகத்தின் நிலை என்று நாலே வார்த்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு ஆண்டு சுற்றி வந்ததும் உங்கள் ஊர் வெயிலுக்கென்று ஒரு பஞ்சாங்கம் உங்கள் கையில் இருக்கும். லண்டன்காரர் எழுதிய பாடத்தைவிட அது உங்களுக்கு அதிகம் சொல்லித் தரும். உங்களுக்குப் பின் அதே குன்றின் முன்னால் கேமராவோடு நிற்பவருக்கும் அந்த நோட்டைக் கொடுங்கள்.